நிறுத்திய காரில் நாயும் நின்று பார்ப்போரும்: ஓர் ஆய்வுரை

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் மிக எளியது. அமெரிக்காவில், அரிசோனா வெயிலில், ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பார்க்கிங் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரக் கார் ஒன்று நிற்கிறது. அதன் பின்சீட்டில் லாப்ரடார் ஒன்று கால் நீட்டிப் படுத்திருக்கிறது. காருக்குள் 21 டிகிரி செல்சியஸ், வெளியே 40. வெளியே மூன்று பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் இரு கைகளையும் கண்ணோரம் அண்டக் கொடுத்து, நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்து உள்ளே பார்க்கிறார். இன்னொருவர் போலீசுக்குப் போன் போடட்டுமா என்கிறார். மூன்றாமவர் கல் தேடுகிறார். நாய் கொட்டாவி விடுகிறது.

இந்த நால்வரில் வெப்பத்தாக்கு வரக்கூடியவர் யார் என்பதே இவ்வாய்வு எழுப்பும் முதல் வினா.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்து, விலங்குக்கு ஐந்தும் மனிதனுக்கு ஆறும் கொடுத்தது. அந்த ஆறாவது அறிவு பார்க்கிங்கில் எவ்வாறு தொழிற்படும் என்பதை உரையாசிரியர்கள் ஆராயாமல் விட்டுவிட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு. நம்மூரில் ஏசி ஓடும் காரில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பவர் பெரும்பாலும் டிரைவர். அவரை மீட்பதற்காக எவரும் கல்லெடுத்ததாகச் செய்தி இல்லை. எனவே ஆய்வுக்களம் அமெரிக்காவுக்கும் ஓரளவு பிரிட்டனுக்கும் மாறியாக வேண்டியிருக்கிறது.

முதலில் கவலைப்படுவோர் கட்சி. அதில் நியாயம் நிறைய இருக்கிறது.

வெயிலில் நிற்கும் கார் சூடாவது அனைவரும் அறிந்ததே. எவ்வளவு விரைவில் என்பதில்தான் அறியாமை. ஒளியாக உள்ளே வரும் வெயில் டாஷ்போர்டையும் சீட்டையும் சுட வைக்கிறது. அவை திருப்பி உமிழும் வெப்பமும், அவற்றை ஒட்டிச் சூடாகும் காற்றும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகின்றன. கேதரின் மெக்லாரன், ஜான் நல், ஜேம்ஸ் க்வின் ஆகிய மூவர் கலிஃபோர்னியாவில் ஒரு காரை வெயிலில் நிறுத்தி அளந்து, முடிவை 2005-இல் குழந்தை மருத்துவ இதழான ‘பீடியாட்ரிக்ஸ்’-இல் வெளியிட்டார்கள். வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில், ஒரு மணி நேரத்தில் உள்ளே சராசரியாக 22 டிகிரி கூடியது. அதிலும் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. இதமான நாள் என்று சொல்லத்தக்க நாளிலும் காருக்குள் 47 டிகிரியைத் தொட்டது.

‘கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுத்தானே வந்தேன்’ என்று வாதிடும் ஒரு தனிப் பள்ளியே உண்டு. அதே ஆய்வு அப்பள்ளியை மூடிவிட்டது. சுமார் நான்கு சென்டிமீட்டர் இறக்கி வைத்துப் பார்த்தார்கள். ஏறும் வேகமும் குறையவில்லை, உச்சமும் குறையவில்லை. ‘நிழலில்தானே நிறுத்தினேன்’ என்போருக்கு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் பங்கேற்ற, 2018-இல் வெளியான ஆய்வு விடை சொல்கிறது. கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரில் உட்காற்று சராசரி 47 டிகிரி, டாஷ்போர்டு 69 டிகிரி. நிழலில் நின்ற காரிலும் உட்காற்று 38.

நாய்க்கு இது மனிதனைவிடக் கொடுமை. அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் கசியும். நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, அந்த ஈரம் ஆவியாவதால்தான் சூட்டை இறக்கிக்கொள்கிறது. மூடிய காருக்குள் தன் மூச்சாலேயே காற்றை ஈரமாக்கிவிடும்; ஈரக்காற்றில் எவ்வளவு இரைத்தாலும் சூடு இறங்காது. அதன் உடல்வெப்பம் இயல்பிலேயே 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிராபத்து. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்கள் அந்த எல்லைக்கு இன்னும் சீக்கிரம் போய்விடும்.

ஆகவே கல் தேடியவர் பைத்தியக்காரர் அல்லர் என்பது பெறப்பட்டது.

அற்றேல், நாய் கொட்டாவி விட்டது எங்ஙனம் எனின்: ஏசி ஓடிக்கொண்டிருந்தது என்க.

இந்த ஏற்பாட்டின் வரலாறு சுருக்கமானது. 2018 அக்டோபரில் ஒருவர் ட்விட்டரில் டெஸ்லாவின் எலான் மஸ்கிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். காரில் நாய்க்கென்று ஓர் ஏற்பாடு வேண்டும். ஏசி ஓட வேண்டும், பாட்டு பாட வேண்டும், கூடவே ‘நான் நன்றாக இருக்கிறேன், என் ஆள் இதோ வந்துவிடுவார்’ என்ற பொருளில் திரையில் ஒரு வாசகம் தெரிய வேண்டும் என்றார். மஸ்க் ஒரே சொல்லில் சம்மதித்தார். 2019 பிப்ரவரியில் டெஸ்லா கார்களுக்கு ‘டாக் மோட்’ வந்துவிட்டது. ஆட்கள் இறங்கிய பின்னும் ஏசியோ ஹீட்டரோ ஓடிக்கொண்டிருக்கும். நடுத்திரையில், உரிமையாளர் சீக்கிரம் வந்துவிடுவார், கவலை வேண்டாம் என்ற செய்தியும், உள்வெப்பம் எத்தனை டிகிரி என்பதும் கொட்டை எழுத்தில் தெரியும். பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கினால் உரிமையாளரின் போனுக்கு எச்சரிக்கை போகும். பின்னர் ரிவியன் போன்ற மற்ற நிறுவனங்களும் இதே ஏற்பாட்டைத் தங்கள் கார்களில் கொண்டுவந்தன.

அந்த வேண்டுகோளை இங்கே கூர்ந்து நோக்க வேண்டும். கேட்டவை மூன்று. ஏசி நாய்க்கு, பாட்டும் நாய்க்கே என்று கொள்ளலாம், வாசகம் யாருக்கு? நாய்க்குப் படிக்கத் தெரியாது. வாசகம் முழுக்க முழுக்கக் கல் தேடுபவருக்கு உரியது. குளிரூட்டுவது பொறியியலுக்குப் பழைய வேலை. பெட்ரோல் காலத்திலேயே முடிந்த காரியம். இன்ஜின் ஓடாமல், பெரிய பேட்டரியின் தயவில் ஏசியை ஓடவிடலாம் என்பதே மின்சாரக் கார் தந்த வசதி. புதிதாகத் தீர்க்கவேண்டியிருந்த சிக்கல், வழியே போகிறவரின் மனச்சூடு. டாக் மோட் என்பது பாதி நாய்க்கும் பாதி மனிதருக்குமான குளிரூட்டி என்ற முடிவுக்கு வர இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

மனிதருக்கான அந்தப் பாதிதான் சரியாக வேலை செய்வதில்லை. திரை காரின் நடுவில் இருக்கிறது. பார்ப்பவர் பக்கவாட்டுக் கண்ணாடி வழியே பார்க்கிறார். கண்ணாடிக்குக் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தால் பாதி மறைந்துவிடும். உச்சிவெயில் பட்டால் திரை முழுக்கப் பளபளக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, காரில் நாய் இருந்தால் மனிதக் கண் நாயைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. பெட்ரோல் கார் என்றால் உறுமலை வைத்தே இன்ஜின் ஓடுவது தெரிந்துவிடும். மின்சாரக் கார் கமுக்கமாக நிற்கும். ஏசி ஓடுவதற்கு வெளியில் தெரியும் ஒரு தடயம், வண்டியின் அடியில் சொட்டிச் சொட்டித் தேங்கும் தண்ணீர். குனிந்து அதைப் பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

திரைக்கு முன்பு காகித காலம் ஒன்று இருந்தது, இன்னும் முடியவில்லை. ‘ஏசி ஓடுகிறது, தண்ணீர் வைத்திருக்கிறது, பாட்டும் கேட்கிறது, தயவுசெய்து கண்ணாடியை உடைக்காதீர்கள்’ என்ற வகையில் எழுதிய தாளைக் கண்ணாடியில் செருகிவிட்டுப் போவார்கள். அளவை நூலார் நோக்கில் இதில் ஒரு குறை உண்டு. ஏசி நின்ற பின்னும் தாள் ‘ஓடுகிறது’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். பெட்ரோல் கார்களை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்துவிட்டுப் போனால், பல மாடல்களில் பத்து, பதினைந்து நிமிடங்களில் இன்ஜின் தானே நின்றுவிடும்; தாளுக்கு அது தெரியாது. திரையில் மாறிக்கொண்டிருக்கும் எண் அந்த வகையில் மேலான சாட்சி.

மேலான சாட்சியும் பிறழலாம். மின்விசிறியின் வேகத்தைக் கையால் மாற்றிவைத்தால் குளிரூட்டல் சரியாக நடப்பதில்லை, திரையோ எல்லாம் ஒழுங்கு என்கிறது என்று 2020-இல் டெஸ்லா பயனர் ஒருவர் கண்டு சொன்னார். சரிசெய்கிறோம் என்றார் மஸ்க். வெயில்காலத்தில் இந்தச் செய்தியைப் படித்த ஒருவர் அடுத்த நாள் பார்க்கிங்கில் கல் தேடினால் அவரைக் குறை சொல்வது கடினம்.

இனி, பார்ப்போரின் உளவியல். இத்துறையில் புகழ்பெற்ற கோட்பாடு ஒன்று உண்டு: கூட்டம் பெருகப் பெருக உதவி குறையும் என்பது. 1964-இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொலையுண்டபோது 38 பேர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. அது மிகைப்படுத்திய கணக்கு என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்ட லட்டானே, டார்லி என்ற இருவர் 1968-இல் ஒரு சோதனை செய்தார்கள். அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். கண்டும் காணாததுபோல் நடிக்கும் இருவரைக் கூட உட்கார வைத்ததும், போய்ச் சொன்னவர்கள் 10 சதவீதம்தான். பக்கத்தில் இருப்பவர் பதறவில்லை என்றால், பதற ஒன்றுமில்லை என்று மனம் முடிவு செய்துவிடுகிறதாம்.

அக்கோட்பாட்டின்படி பார்க்கிங்கில் மூன்று பேர் சேர்ந்ததும் கல்லைக் கீழே போட்டிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஒருவர் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தால் அடுத்தவரும் வைக்கிறார். இதற்கு இக்கட்டுரை முன்வைக்கும் விளக்கம்: புகை அறையில் பக்கத்தில் இருந்தவரின் அமைதி தொற்றியது, இங்கே பக்கத்தில் இருப்பவரின் பதற்றம் தொற்றுகிறது. பார்க்கிங்கில் அமைதியாக இருக்கும் ஒரே ஜீவன் நாய். அதன் முகத்தைப் பார்த்து யாரும் அமைதி கொள்வதில்லை.

கோட்பாட்டுக்கும் இப்போது வயதாகிவிட்டது. பிரிட்டன், நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் தெருக் கேமராக்களில் பதிவான 219 சண்டைகளை ஆராய்ந்து 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. பத்தில் ஒன்பது சண்டைகளில் யாரேனும் ஒருவராவது இடையில் புகுந்திருக்கிறார். மனிதர் நாம் நினைத்ததைவிடத் தலையிடும் சாதி.

தலையிடுவோரைச் சட்டம் எவ்வாறு நடத்துகிறது என்பது இவ்வாய்வின் சுவையான பகுதி. காரில் தவிக்கும் விலங்கை மீட்கக் கண்ணாடியை உடைப்பவருக்கு முதலில் காப்புக் கொடுத்த அமெரிக்க மாநிலம் டென்னசி; 2015-இல். கலிஃபோர்னியாவின் சட்டம் 2017 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உடைக்க நினைப்பவர் முதலில் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விலங்கு உடனடி ஆபத்தில் இருப்பதாக உள்ளபடியே நம்ப வேண்டும். போலீசையோ தீயணைப்புப் படையையோ விலங்குக் கட்டுப்பாட்டுத் துறையையோ முன்கூட்டியே அழைத்திருக்க வேண்டும். தேவைக்கு மேல் பலம் காட்டக் கூடாது. உடைத்தபின் விலங்கோடு அருகிலேயே காத்திருந்து, வருகிற அதிகாரியிடம் அதை ஒப்படைக்க வேண்டும். கொதித்துப்போய் நிற்பவர் இத்தனையையும் வரிசை பிசகாமல் நினைவில் வைத்திருப்பார் என்பதில் கலிஃபோர்னியச் சட்டமன்றத்துக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. டாக் மோட்காரர்களுக்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. விலங்கைக் காரில் விடுவதே குற்றம் என்று அது சொல்லவில்லை. வெப்பம், குளிர், காற்றின்மை, உணவோ நீரோ இன்மை ஆகியவற்றால் உயிருக்கோ உடலுக்கோ கேடு வரும் நிலையில் விடுவதுதான் குற்றம். பெரிய காயம் ஏதும் ஏற்படாவிட்டால் முதல் தடவைக்கு அபராதம் நூறு டாலர் வரை.

இண்டியானா மாநிலம் இன்னொரு தத்துவத்தைக் கண்டது. நாயை மீட்க நல்லெண்ணத்தோடு கண்ணாடியை உடைத்தவர், பழுது பார்க்கும் செலவில் பாதியைத் தரவேண்டும். கருணைக்கு அரை விலை வைத்த சட்டம் உலகில் வேறெங்கும் உண்டோ என்று தேடிப்பார்க்கலாம். மீதிப் பாதி யார் தலையில் என்று கேட்கத் தேவையில்லை. அந்தக் கண்ணாடியின் சொந்தக்காரர் நாயோடு திரும்ப வீட்டுக்குப் போக வேண்டுமே.

பிரிட்டனில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1971-ஆம் ஆண்டின் சேதக் குற்றச் சட்டத்தை நாட வேண்டும். நிலைமை தெரிந்திருந்தால் உரிமையாளரே உடைக்கச் சம்மதித்திருப்பார் என்று உடைத்தவர் நம்பினால், அது நியாயமான எதிர்வாதம். அங்கே இல்லாத ஒருவர், தமக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தால், சொல்லாத ஒரு சொல்லைச் சொல்லியிருப்பார் என்று நம்ப வேண்டும். நம் அத்வைதிகளும் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டிய வாக்கியம். ஏசி ஓடிக்கொண்டிருந்த காராக இருந்தால் அந்தச் சம்மதத்தை ஊகிப்பது இன்னும் கடினம்.

இடைப்பிறவரலாக ஒன்று. இந்தியாவின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்ததற்குப் பின்னால் ருக்மிணி தேவி அருண்டேல் இருந்தார். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து அரசை அசைத்தவர் அவர்தான். அச்சட்டத்தில் முதல் குற்றத்துக்கு எழுதிய அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பக்கவாட்டுக் கண்ணாடியின் ரப்பர் கூட அந்த விலைக்குக் கிடைக்காது.

சட்டம் அனுமதித்தாலும் கண்ணாடி அனுமதிக்குமா என்ற கேள்வி எஞ்சுகிறது. பக்கவாட்டுக் கண்ணாடி பெரும்பாலும் பதப்படுத்திய வகை. முனையில் கூர்மையாக ஓர் அடி பட்டால் சிறுசிறு மணிகளாக உதிர்ந்துவிடும். முன்கண்ணாடி அப்படியல்ல, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரியுமே தவிர உதிராது. சத்தம் உள்ளே வராமலிருக்கவும், விபத்தில் ஆள் வெளியே வீசப்படாமலிருக்கவும் இப்போது பக்கவாட்டிலும் இந்த ஒட்டுக் கண்ணாடி வருகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ‘ஏஏஏ’ 2019-இல் சொன்ன கணக்குப்படி, 2018 மாடல் வண்டிகளில் மூன்றில் ஒன்றில் பக்கவாட்டிலும் இது உண்டு. கண்ணாடி உடைப்பதற்கென்றே விற்கும் ஆறு கருவிகளை அவர்கள் சோதித்தார்கள். நான்கு கருவிகள் பதப்படுத்திய கண்ணாடியை உடைத்தன. ஒட்டுக் கண்ணாடியை ஒன்றும் உடைக்கவில்லை. தம் கையிலுள்ள கல்லின் தகுதி பற்றி மூன்றாமவர் மறு ஆலோசனை செய்வது நல்லது.

இவ்வளவு தூரம் வந்தபின் ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு முழுமையாகாது. பிரிட்டனில் எமிலி ஹால் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், வெப்பத்தால் பாதிக்கப்பட்டு மருத்துவரிடம் வந்த நாய்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் ஏறக்குறைய மூன்று நாய்கள் பாதிக்கப்பட்டது ஓட்டத்தாலும் நடையாலும். உரிமையாளரோடு வெயிலில் போனவை. காருக்குள் சிக்கிப் பாதிக்கப்பட்டவை 5 சதவீதம் அளவே. கார் ஆபத்தில்லை என்று இதற்குப் பொருளல்ல. காரில் விடக் கூடாது என்று பல ஆண்டுகளாகச் செய்த பிரசாரத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனாலும் நடுப்பகலில் காது வயர் மாட்டிக்கொண்டு, சப்பை மூக்கு நாயை இழுத்துக்கொண்டு ஜாகிங் போகிறவரைச் சுற்றி யாரும் கூடுவதில்லை. அவரை மறிக்க எந்த மாநிலமும் யாருக்கும் காப்புக் கொடுக்கவில்லை. உடைக்க அங்கே கண்ணாடியும் இல்லை.

கடைசியாக, நாயைக் காரில் விடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது முறை. அமெரிக்கப் போலீசின் நாய்ப்பிரிவு வண்டிகளில் நாய் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். அதற்காக ஏசியும் ஓடிக்கொண்டே இருக்கும். ஏசி நின்றுபோய்ப் போலீஸ் நாய்கள் செத்த நிகழ்வுகளும் உண்டு. அனுபவப்பட்ட அவர்கள் திரையில் ஆறுதல் வாசகம் எழுதிவைக்கவில்லை. உள்வெப்பம் எல்லை தாண்டினால் ஹாரன் அலறும், ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கும், விசிறி சுழலும், நாயைக் கையாள்பவருக்குத் தகவல் போகும் என்ற கருவியை மாட்டிவைத்தார்கள். ஏசி ஓடும் என்று அவர்கள் நம்பவில்லை. ஒருநாள் நிற்கும் என்றே கணக்குப் போட்டார்கள்.

கார் செய்கிறவர்களுக்கு இவ்வாய்வின் விண்ணப்பம் இதுதான். அந்தப் போலீஸ் ஏற்பாட்டை எல்லாக் குடும்பக் கார்களிலும் வையுங்கள். உள்வெப்ப எண்ணை நடுத்திரையில் மட்டுமின்றி, மக்கள் எட்டிப் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடியோரமும் காட்டுங்கள். அதுவரை நாயை விட்டுப் போகிறவர்கள் போனைச் சைலன்ட்டில் போடாமல், பில் போடும் வரிசை நீளமாக இருந்தால் சாமானை வைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் முதலில் திரையில் எண்ணையும், பிறகு நாயின் நாக்கையும், பிறகு வண்டிக்கடியில் ஈரத்தையும் பாருங்கள். எண் ஏறிக்கொண்டிருந்து நாய் இரைத்துத் தள்ளாடினால் கடைக்காரரிடம் சொல்லி மைக்கில் வண்டி எண்ணை அறிவிக்கச் செய்து, போலீசையும் கூப்பிடுங்கள். நாய் தூங்கிக்கொண்டிருந்தால் கண்ணாடியைத் தட்டாதீர்கள். எழுந்து குரைக்கும், குரைத்தால் அதற்கு உடம்புச் சூடு ஏறும்.